முன்னால் நின்ற வெள்ளை வண்டி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் கௌரவமானதல்ல. அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில், கடலைவிட்டு உள்ளே தள்ளி, பாதாம் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற எங்கள் ஊரின் போக்குவரத்து நீதிமன்றத்தில், ஒரு பெண்ணைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியாக நான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு இந்த வசதி உண்டு.

முதல் வாக்கியத்தை நான்கு முறை எழுதினேன்.

"ஓடெட் மச்சாடோ தன் வாழ்நாளில் ஒரு சிவப்பு விளக்கைக்கூட..." (யாரை நம்பவைக்க இவ்வளவு அவசரம்?)

"செப்டம்பர் வெயில் கொளுத்திய ஒரு..." (வெயிலைப் பற்றி யார் கேட்டார்கள்.)

"அவன் அன்று நீதிமன்றத்துக்குப் போனது வேறு வேலையாக." (பொய். அதிலும் 'அவன்' என்று எழுதி ஒளிந்துகொள்ளும் பொய்.)

கடைசியில் இது: ஓடெட் மச்சாடோ நின்றாள்.

இதை வைத்துக்கொள்கிறேன். இந்தக் கதையில் சந்தேகமில்லாமல் எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

2

ஓடெட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. சிறுநீரகம் பழுதானவர்களை வீட்டிலிருந்து டயாலிசிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போகும் வேனை ஓட்டுகிறாள். (சாவியைக் கழுத்தில் மாட்டியிருந்தாள் என்று எழுதியிருந்தேன். அது நானாகச் சேர்த்தது, எடுத்துவிட்டேன்.) வேகமாகப் போனதாக ஏற்கெனவே ஒரு தண்டனை அவள் பெயரில் இருக்கிறது. இன்னொன்று பதிவானால் வேலை போய்விடும். இது நடந்தது அவளுடைய சொந்தக் காரில்தான், ஆனால் நிறுவனத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது.

எங்கள் ஊரில் சிவப்பு எரிந்தாலும் வலப்பக்கம் திரும்பலாம். அதற்கு முன் தரையிலுள்ள வெள்ளைக் கோட்டில் ஒருமுறை முழுசாக நிற்கவேண்டும். இதில் ஊரே செய்யும் தவறு ஒன்று உண்டு. முன்னால் ஒரு வண்டி நின்றால் அதன் பின்னால் நாமும் நிற்போம். அது திரும்பியதும், நாம்தான் நின்றாகிவிட்டதே என்று கூடவே திரும்பிவிடுவோம். கோட்டுக்கு வந்ததும் மறுபடி நிற்கவேண்டும் என்பது யாருக்கும் நினைவிருக்காது. சிக்னல் கம்பத்திலுள்ள கேமராவுக்கு இருக்கும்.

அன்று அவளுக்கு முன்னால் நின்ற வெள்ளை வண்டி என்னுடையது.

கேமரா இருவரையும் பிடித்தது. இரண்டு வழக்கும் ஒரே நாளில் வந்தன. என் படத்தில் முன்கண்ணாடிமேல் வெயில் பட்டு ஓட்டியவரின் முகம் அடையாளம் தெரியாமல் வெளுத்திருந்தது. அலுவலக நண்பன் கர்டிஸ் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஓட்டினது நீதான்னு அவங்கதான் நிரூபிக்கணும். நீ வாயைத் திறக்காத வரைக்கும் உன்னை ஒண்ணும் பண்ண முடியாதுடா."

3

"படத்தைப் போடுங்க," என்றார் நீதிபதி.

பன்னிரண்டு வினாடிப் படம். ஓடெட் அதை வீட்டில் முப்பது தடவையாவது பார்த்திருந்தாள். ஆனாலும் அந்தப் பெரிய திரையில் தன் நீல வண்டி தெரிந்ததும் அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. வண்டி நிற்கவில்லை. படம் ஆரம்பிக்கும்போதே நகர்ந்துகொண்டிருந்தது. வெள்ளை வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டே கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

"எங்கம்மா நின்னீங்க?"

"படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஐயா. அந்த வெள்ளை வண்டிக்காரன் அங்கயே குடியிருக்க வந்தவன் மாதிரி நின்னுட்டிருந்தான். நானும் பின்னால நின்னேன். ஹாரன் அடிச்சப்புறம்தான் நகந்தான்."

"நிக்க வேண்டியது கோட்டுல."

"இப்பத் தெரியுது. நாப்பது வருசமா வண்டி ஓட்டுறேன், ஒருவாட்டி நின்னா போதும்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"எல்லாரும் சொல்ற கதைதாங்க இது," என்றார் கேமரா வழக்குகளுக்காக வந்திருந்த போலீஸ்காரர்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சட்டப்படி பாத்தா நீங்க மாட்டிக்கிட்டீங்கம்மா. ஆனா இடம் மாறி நின்னவங்களையும், நிக்காமலே பாஞ்சவங்களையும் நான் ஒண்ணா நடத்துறதில்ல. நீங்க நின்னதை யாராச்சும் பாத்தாங்களா?"

"அந்த வெள்ளை வண்டிக்காரன் பாத்தான். கண்ணாடில என்னை நேருக்கு நேர் பாத்தான்."

"அது யாரு?"

"அந்தக் கேஸும் இன்னைக்குக் கடைசில வருதுங்க," என்றார் போலீஸ்காரர். "சொந்தக்காரர் பேர் இருக்கு. ஓட்டினது யாருன்னுதான் முகம் தெரியல."

"பேரை இப்பச் சொல்ல வேண்டாம். தன்மேலயே சாட்சி சொல்லச் சொல்லி அவரை நாம கட்டாயப்படுத்த முடியாது." நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்றரைக்கு மறுபடி எடுக்கிறேன். சாட்சி கெடைச்சா கூட்டிட்டு வாங்கம்மா."

(மேலே அவளுடைய வலது காலைப் பற்றி எழுதியது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்குப் பக்கத்து நாற்காலிதான் அவளுடையது.)

4

வெளியே தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சு. அவள் வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து, காகிதத்தைப் பிரித்து, ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள்.

"சாப்பிடு தம்பி. மூஞ்சி வெளிறிப்போய்க் கெடக்கு."

"வேண்டாங்க."

"சும்மா சாப்பிடு. பூண்டு போட்ட சாசேஜு. எங்க வீட்டுக்காரர் செஞ்சது."

வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது.

"உனக்கு என்ன கேஸு?"

"பார்க்கிங்."

"பார்க்கிங்குக்கு எதுக்கு மேல வந்த? கீழ பணம் கட்டுற ஜன்னல்லயே முடிஞ்சிருமே."

"தெரியாம வந்துட்டேன்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது என்று எழுதினால் கதைக்குச் சுலபம். தெரியவில்லை என்று எழுதினால் எனக்குச் சுலபம். நிஜமாகவே எனக்குத் தெரியாது.

"அந்த வெள்ளை வண்டிக்காரர் சொல்லுவாரா?" என்று கேட்டேன். எந்தத் துணிச்சலில் கேட்டேனோ.

"சொன்னா அவனும் மாட்டுவான்ல? எவன் சொல்லுவான்." அவள் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தாள். "வியாழக்கிழமை காலைல டூலின்னு ஒரு பெரியவரை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். வேற ஆளு போனா அந்த மனுசன் கதவையே தெறக்க மாட்டார். ஒரு தடவை அப்படித்தான் போகாம இருந்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரில போட்டாங்க."

மீதி ரொட்டியைக் கையிலேயே வைத்திருந்தேன். தண்ணீர் பாட்டிலையும் அவளே கொடுத்தாள்.

5

இரண்டாம் பகுதியில் ஒன்றை மறைத்துவிட்டேன். இன்னும் கோடு வராத இடத்தில், ஒரு வண்டி தூரம் முன்பே, நான் எதற்காக நின்றுகொண்டிருந்தேன்?

போன் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாரன் கேட்டுத் தலையைத் தூக்கியபோது கண்ணாடியில் அவள் தெரிந்தாள். முழுசாக நின்றிருந்தாள். பதறிப்போய், கோட்டில் நிற்காமலே நான் திரும்பினேன். அவளும் வந்தாள். நான் ஒழுங்காக ஓட்டியிருந்தால் அவளுக்கு இந்த வழக்கே வந்திருக்காது.

உண்மையைச் சொன்னால் எனக்கு வருவது உரிமத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, போவது கொஞ்சம் மானம். சொல்லாவிட்டால் அவளுக்குப் போவது வேலை. எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது. அந்தப் பெஞ்சில் அப்படி இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

6

முடிவுகள்.

முதலாவது: நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறேன். வழக்கு தள்ளுபடி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு... (இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் கிழித்துப்போட்டேன்.)

இரண்டாவது: நான் சொல்கிறேன், நீதிபதி இருவரையும் தண்டிக்கிறார். (இதிலும் நான் நல்லவன்.)

மூன்றாவது நடந்தது.

ஒன்றரை மணிக்கு நீதிபதி அறையைச் சுற்றிப் பார்த்தார். "அந்த வெள்ளை வண்டியை ஓட்டினவர் இங்க இருக்காரா? கட்டாயம் இல்ல. கேட்டுப் பாக்குறேன்."

ஓடெட் என் பக்கம் திரும்பவில்லை. மடியில் கைகளைக் கோத்து வைத்திருந்தாள். நான் எழுந்தேன். கால்கள் எழுந்துவிட்டன என்பதுதான் சரி.

"சொல்லுங்க," என்றார் நீதிபதி.

"நான்..." என்றேன். "பாத்ரூம் எந்தப் பக்கம்?"

யாரோ சிரித்தார்கள். ஓடெட் தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "வெளிய போய் எடது பக்கம், தம்பி."

என் பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தேன். அவள் நாற்காலி காலியாக இருந்தது. என் வழக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. முகம் தெரியவில்லை, தள்ளுபடி.

இனி முடிவு உங்கள் கையில் என்று சொன்னால் அது பெருந்தன்மை போலத் தெரியும். அப்படி ஒன்றும் இல்லை. அவளுக்கு என்ன தீர்ப்பானது என்று எனக்குத் தெரியாது. நீதிமன்ற அலுவலகத்துக்குப் போன் செய்தால் சொல்லிவிடுவார்கள். மூன்று தடவை செய்தேன். எடுத்ததும், "யார் பேசுறீங்க?" என்று கேட்கிறார்கள். வைத்துவிடுகிறேன்.