இருபத்துமூவாயிரத்து அறுநூறாவது கிலோமீட்டரில் ஒரு கதவு

நிலநடுக்கோட்டிலுள்ள எங்கள் ஊர் பொந்தியானாக்கிலிருந்து விண்வெளிக்குப் போகும் மின்தூக்கி வடத்தில், இருபத்துமூவாயிரத்து அறுநூறாவது கிலோமீட்டரில் இருக்கிற பராமரிப்பு நிலையத்தின் கதவைத் திறந்து சாப்பாட்டு விரிப்பை உதறியபோது, அதன் ஓரத்தில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்த என்னோடு அங்கே வேலை பார்த்த மச்சான் சுஹைமியும் சேர்ந்து வெளியே போனார். உதறியவன் நான். எங்கள் ஊரில் ஆறு பேர் ஒரே விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்ததும், வாசலில் நின்று விரிப்பைக் காப்புவாஸ் ஆற்றில் உதறுவது வழக்கம். பருக்கைகளை மீன் தின்னும். அங்கே மீன் இல்லை என்பது உதறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அவர் விழுந்தார் என்று எழுதினால் பொய். அந்த உயரத்தில் பூமி அரைமனதோடுதான் இழுக்கும். முதல் நொடியில் அவர் ஒரு சாண்கூட இறங்கவில்லை. எட்டிக் காலைப் பிடித்திருக்கலாம். நான் விரிப்பை நான்காக மடித்துக்கொண்டிருந்தேன், கசங்கினால் அக்கா திட்டுவாள். மச்சானும் கத்தவில்லை. "டேய், மிளகாய்ச் சம்பால் கிண்ணமும் என்கூட வந்துடுச்சு பாரு" என்றார். அது அவர் முழங்கைக்குப் பக்கத்தில் பிசகாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

ஊரிலிருந்த அக்கா ரோஹானியிடம் போனில் சொன்னேன். "புருஷன உதறிட்ட. அவர வீட்டுக்குக் கொண்டுவந்து சேக்காம என் கண்ணுல படாத" என்று வைத்துவிட்டாள். அதனால் நான் கீழே இறங்கவில்லை. மூன்றாம் நாள் அதே கதவடியில் அழுதுகொண்டிருந்தபோது கீழேயிருந்து ஒரு தலை ஏறி வந்தது. மேலே எறிந்த மாங்காய் உச்சியில் ஒரு கணம் நிற்குமே, அப்படி மச்சான் வாசலுக்கு நேரே நின்றார். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். "மச்சான், மன்னிச்சிடுங்க" என்றேன். ஐந்து நொடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்துவிட்டு மெல்ல இறங்கிப் போனார். தரைநிலையப் பொறியாளர்கள் முதலில் என்னை மருத்துவரிடம் போகச் சொன்னார்கள்; பிறகு கணக்குப் போட்டுப் பார்த்து, சரிதான், அந்த உயரத்தில் விட்டது இரண்டு நாளுக்கொரு தடவை பூமியை ஏழு சுற்றுச் சுற்றி அதே கதவுக்கு வந்தாக வேண்டும், ஒவ்வொரு தடவையும் கடிகாரத்துக்கு எட்டு நிமிடம் முந்தி வரும் என்றார்கள். நாங்கள் கொஞ்சம் கீழே சாப்பிட்டிருந்தால் அவர் காற்றில் உரசிக் கருகியிருப்பார். கொஞ்சம் மேலே சாப்பிட்டிருந்தால் சுற்றுவார், ஆனால் எங்கள் கதவைத் தேடி வரமாட்டார். அன்றைக்கு எங்களுக்குச் சரியாக அந்த இடத்தில் பசித்ததற்கு இன்றுவரை ஐந்து வேளையும் நன்றி சொல்கிறேன்.

ஒன்பது வருடம் இப்படிப் போயிற்று. அக்கா காரக்கஞ்சியும் மூங்கில் சோறும் வடத்தில் ஏற்றி அனுப்புவாள்; பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் பொட்டலத்தைப் பிடித்து, தலை குனிந்து நீட்டுவேன். அவர் வாங்கிக்கொண்டு எதையாவது தருவார். தாழ வரும் இடங்களில் அவருக்கு வேகம் அதிகம் என்றாலும், உகாண்டா ஏரிக்கரையில் மரியாதைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்காமல் கடப்பதில்லை. பியாக் தீவில் பாக்கு கொடுத்தனுப்புவார்கள். போன பெருநாளுக்கு அமேசான் காட்டுக்காரர்கள் ஒரு கிளியைக் கொடுத்துவிட்டார்கள். அது இப்போது அக்கா வீட்டில் என்னைத் திட்டப் பழகியிருக்கிறது. "கோபமா மச்சான்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "கஞ்சில உப்பு கம்மின்னு சொல்லு" என்பார். "தலை நரைச்சிடுச்சே" என்பேன். "உனக்கு வழுக்கையே விழுந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிடுவார். அவர் சுகமாக இருக்கிறார் என்பதில் ஊருக்கே நிம்மதி. ஆனால் அக்கா இரண்டு தட்டு வைப்பதை நிறுத்தவில்லை.

நேற்று பொட்டலத்தோடு அவள் ஒரு சீட்டு வைத்திருந்தாள்: "எனக்கு ஐம்பது வயசாச்சு தம்பி. வருவாரா மாட்டாரான்னு நேரா கேட்டுச் சொல்லு." இந்தத் தடவை பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் ஏறி வந்து, நின்று, சலாம் சொன்னார்.

"மச்சான், ஏன் உள்ள வர மாட்டேங்கறீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு நொடி போய்விட்டது.

"ஒம்போது வருஷமா வாசல்ல வந்து நின்னு சலாம் சொல்றேன். நீ மன்னிப்பு கேக்கற, சோறு குடுக்கற, கோபமாங்கற. 'ஏறி வாங்க'ன்னு ஒரு தடவ சொன்னியாடா?" இடுப்புவரை இறங்கியிருந்தார். "வீட்டுல இருக்கறவன் கூப்பிடாம எந்த மனுஷன்டா படி ஏறுவான்? நாளான்னிக்கு வர்றேன். சொல்லு."