விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடி

கட்டிடக் கம்பெனியின் நேர்முகத் தேர்வில், புதிதாக இன்ஜினியரிங் முடித்த அவளிடம் பதினான்கு திறமைகளை எதிர்பார்த்தார்கள். கணினியில் வரைவது, மண்ணைப் படிப்பது, இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வேலையில் சேர்ந்த அன்றே மேனேஜர் பதினான்கையும் ஒன்றாகச் சுருக்கிவிட்டார்: கட்டிட வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவைச் சமாதானப்படுத்த வேண்டும். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம்.

புதுக் கட்டிடத்தின் அஸ்திவாரத்துக்காக, இயந்திரச் சுத்தியல் தூண்களை மண்ணுக்குள் அடித்து இறக்கிக்கொண்டிருந்தது. அடிக்கு அடி அக்காவின் தையல் கோணிக்கொண்டு போனது. சுவரிலும் விரிசல். அது பழைய விரிசல் என்றார் மேனேஜர். அவள் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதினாள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான் கணக்கு.

மூன்றாம் நாள் உடைந்தது.

மேனேஜர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மட்டமான சரக்கு என்று தீர்ப்புச் சொன்னார். வேறு ஒட்டினாள். மறுநாளே அதுவும் போனது.

"அப்ப பிளாஸ்டிக் ஒட்டும்மா. அது உடையாது."

பிளாஸ்டிக்கோடு போனவளைத் தையல்கார அக்கா ஏற இறங்கப் பார்த்தாள். "அதெல்லாம் இருக்கட்டும். இந்த ரூம்லதான் என் மாமியார் படுக்கிறாங்க. படுக்கலாமா, வேணாமா?"

நான்கு வருடத்தில் நாற்பத்தெட்டுப் பரீட்சை எழுதியவள். ஒன்றில்கூட இவ்வளவு சின்னக் கேள்வி வந்ததில்லை. வேலை போய்விடும் என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது.

"வேணாம்க்கா."

"அப்ப எங்க படுக்கிறதாம்?"

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது.

மதியம் மேனேஜர் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, வேலை நடக்கும் இடத்திலேயே இருந்த அவர் அறையில் வரைபடங்கள் ஓரமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஜன்னலருகே தையல் மெஷின். வீட்டிலிருந்து தூக்கி வந்து போட்ட கட்டிலில் அக்காவின் மாமியார் காலை நீட்டிப் படுத்திருந்தாள். யார் சொல்லி வந்தீர்கள் என்று மாமியாரிடம் கேட்டார் மேனேஜர்.

"இந்த இன்ஜினியர் பொண்ணுதான். அந்த இடி நிக்கிற வரைக்கும் இங்க இருக்கச் சொல்லுச்சு. ஃபேனைக் கொஞ்சம் வேகமா வைப்பா."

வைத்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சுத்தியலை நிறுத்தச் சொன்னார். சுவருக்கு முட்டுக்கொடுக்க வேண்டிய கம்பிகளின் பட்டியலை அவள் நீட்டினாள். பேனாவையும் அவளே கொடுத்தாள்.

"உன்னைப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டார்.

"சரி சார்" என்று பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.