நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம்

பிரெயில் அச்சகத்தில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பாப்பாவுக்கு வயது நாற்பத்து மூன்று. மூத்த மகன் சவரம் செய்ய ஆரம்பித்தே இரண்டு வருடமாகிறது. ஆனால் அது அக்கா வைத்த பெயர். அக்கா வைத்ததை மாற்ற அங்கே யாருக்கும் மனசு வராது, பாப்பாவுக்கே வராது.

அக்கா கூடப் பிறந்தவள் அல்ல. அச்சுப் புத்தகத்தைப் பார்த்து, ஆறு விசைகளைத் தட்டிப் பிரெயிலாக மாற்றுகிறவள். ஏழு வயது மூத்தவள். பாப்பா கல்லூரியில் சேர்ந்தபோது விரலால் தொட்டுப் படிக்க ஒரு பாடப்புத்தகம் கூடக் கிடையாது. யாரோ சொல்லக் கேட்டு, முன்பின் தெரியாத அக்கா மூன்று வருடப் பாடத்தையும் வீட்டிலேயே தட்டி, மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டாள். அந்தப் படிப்பால்தான் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை கிடைத்தது. வேலைக்கு வந்த இடத்தில்தான் கல்யாணமும் கூடியது. “அக்கா இல்லேன்னா நான் இல்ல” என்று பாப்பா வீட்டில் சொல்லாத நாளில்லை. அவள் புருஷனுக்கு அது மனப்பாடம்.

அச்சகத்தில் அதுவரை பாடநூல் போட்டார்கள், பக்தி நூல் போட்டார்கள், முயல் ஆமைக் கதைகள் போட்டார்கள். பார்வையில்லாதவர்கள் ஒன்று பரீட்சை எழுதுவார்கள், இல்லாவிட்டால் சாமி கும்பிடுவார்கள் என்று மேலே இருப்பவர்களுக்கு ஒரு நினைப்பு. வளர்ந்தவர்கள் படிக்க ஒரு நாவல் வேண்டும் என்று பாப்பா நான்கு வருடம் மனுப் போட்டாள். கடைசியில் மேலாளர், “ஒண்ணு போட்டுப் பாப்போம். நாலு பேர் நல்லா இருக்குன்னு சொன்னா அடுத்தது” என்றார். அன்று பாப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாவலில் சலவைக்கடை நடத்தும் விதவை ஒருத்தி வருகிறாள். மூன்று தெரு தள்ளிப் பூட்டு ரிப்பேர் செய்கிறவன் ஒருவன் வருகிறான். இரண்டு பேருக்கும் ஐம்பது வயது. பாப்பா பிரெயில் தாளை விரலால் தடவி உரக்க வாசிப்பாள். எதிரே அக்கா அச்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, சரியாக இருந்தால் “ம்” என்பாள். அன்று மாலை நான்கு மணிக்குள் முடித்துக் கொடுத்தால், அச்சுக்கான உலோகத் தகட்டில் புள்ளி அடிக்கிறவர் வேலையைத் தொடங்கிவிடுவார். தகடு விழுந்துவிட்டால் அப்புறம் பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது.

மூன்றாவது பாகத்தின் நடுவில் மழை கொட்டுகிறது. பூட்டுக்காரன் நனைந்துகொண்டு வந்து நிற்கிறான். அவள் துண்டை எடுத்து நீட்டுகிறாள். அடுத்த வரியில் விடிந்துவிட்டது. அவன் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறான், அவள் ஏதோ பாட்டை முணுமுணுக்கிறாள்.

பாப்பாவின் விரல் தாளின் மூலைக்குப் போனது. மூலப் புத்தகத்தின் பக்க எண்ணை அங்கேதான் தட்டுவார்கள். முந்தைய தாளில் நூற்று நாற்பத்தொன்று. இதில் நூற்று நாற்பத்தைந்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அக்காவுக்கு, எண்ணில் பொய் தட்டக் கை வரவில்லை போலும்.

“ம்” என்றாள் அக்கா, வாசிக்காத வரிக்கு.

பாப்பாவுக்கு வந்தது கோபம்தான். அதைவிடப் பெரிதாகச் சங்கடம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உலகத்தையே எழுத்தாக்கிக் கையில் கொடுத்தவளை எப்படிக் கேள்வி கேட்பது? கேட்காவிட்டால், நான்கு வருடம் போராடி வாங்கிய முதல் நாவல் ஓட்டையோடு போகும். படிக்கிறவர்களுக்கு ஓட்டை இருப்பதே தெரியாது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

“அக்கா, நடுவுல மூணு பக்கம் எங்க?”

நாற்காலி கிறீச்சிட்டது. “அதுல ஒண்ணுமில்ல பாப்பா. வேண்டாத கண்றாவி. உங்களுக்கெல்லாம் எதுக்கு அது?”

“எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு அக்கா. தவம் பண்ணியா வரம் வாங்கினேன்?”

தாள் அடுக்கிக்கொண்டிருந்த அம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டு, வெளியே போய்விட்டாள்.

“நாப்பது வருஷமா முயலும் ஆமையும் போதும்னு வச்சிருந்தாங்க. நீங்களும் அப்படியே வச்சா நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?” என்றாள் பாப்பா. “நீங்க குடுத்ததைத்தான் நான் இதுவரைக்கும் படிச்சிருக்கேன். அதுக்கு நன்றி சொல்லி மாளாது. குடுக்காததை எண்ண வச்சிடாதீங்க அக்கா.”



“நீ உரக்க வாசிப்பியே, நான் எதிர உக்காந்து ‘ம்’ கொட்டணுமே. அதை நினைச்சாலே உடம்பு கூசிப் போச்சு” என்றாள் அக்கா. பிறகு விசைப்பலகையை இழுக்கும் சத்தம் கேட்டது. “தகடுக்காரரை ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லு.”

அக்கா தப்பே விடாதவள். அந்த மூன்று பக்கத்தில் பதினேழு தப்பு. பாப்பா ஒவ்வொன்றாகச் சொல்ல, அக்கா திருத்தினாள். ஆபாசம் என்று ஒன்றுமில்லை. அந்த விதவை தன் வயிற்றில் இருந்த பழைய அறுவைத் தழும்பை மறைக்கிறாள். கையை விலக்கச் சொல்கிறான் அவன். அவ்வளவுதான். 

தகடுக்காரர் தாள்களை வாங்கிக்கொண்டு போனதும் அக்கா சொன்னாள், “இன்னொண்ணு இருக்கு பாப்பா. உன் காலேஜ் கதைப் புத்தகத்துல பன்னெண்டு கதை. உனக்குப் பதினொண்ணுதான் வந்துச்சு.”

“பரீட்சையில அந்தக் கதையிலதான் பத்து மார்க் கேள்வி வந்துச்சு” என்றாள் பாப்பா மெதுவாக. “பாடத்துல இல்லாததைக் கேட்டுட்டாங்கன்னு இத்தனை வருஷமா அவங்களைத் திட்டிட்டிருந்தேன்.”

“அப்பல்லாம் எங்கப்பா வாசிப்பாரு, நான் தட்டுவேன். அந்தக் கதை வந்ததும் பத்துத் தாளைச் சேர்த்துப் புரட்டிட்டாரு. நானும் ஏன்னு கேக்கல. இன்னிக்கு வரைக்கும் அதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது.”

பாப்பாவுக்குக் கோபப்பட வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. இவளுக்கும் யாரோ தாளைப் புரட்டியிருக்கிறார்கள். தனக்குப் புரட்டப்பட்டது போக மிச்சத்தை எல்லாம் எடுத்து, விரல் தேயத் தட்டி, முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கொடுத்திருக்கிறாள். பாப்பா மேசைக்கு மேலே கையை நீட்டி அக்காவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அக்கா அந்தப் பழைய புத்தகத்தைக் கொண்டுவந்தாள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் விசைப்பலகையைப் பாப்பாவின் பக்கம் நகர்த்தினாள். “நீ தட்டு. நான் வாசிக்கறேன்.”

அக்கா வாசித்தாள், பாப்பா தட்டினாள். ஐந்தாவது பக்கத்தில், பேருந்து நிலையத்தில் ஒருத்தி ஒருவனை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே அக்காவின் குரல் நின்றது. பாப்பா ஆறு விசைகளிலும் விரலை வைத்தபடி காத்திருந்தாள்.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த முத்தத்தை ஒரு சொல் விடாமல் வாசித்தாள்.