அர்மிந்தாவுக்கு விழுந்த இடம்

குலுக்கலில் இடம் விழுந்தது மகளுக்கு அல்ல, அம்மாவுக்கு. பால் பண்ணைகள் சூழ்ந்த அந்தக் கலிபோர்னியா ஊரில் தனியார் நர்சிங் கல்லூரியில் கட்டும் பணத்துக்குப் பாதி வீடு வாங்கிவிடலாம். அரசின் சமுதாயக் கல்லூரியிலோ மாட்டை விற்காமலே படித்து முடிக்கலாம். கூட்டம் அள்ளாமல் என்ன செய்யும்? மார்க் இருந்தாலும் கடைசியில் குலுக்கல்தான். அர்மிந்தா உள்ளே. அவள் மகள் நெல்யா காத்திருப்போரில் முதல் ஆள்.

அம்மா ஒதுங்கிக்கொண்டால் அந்த இடம் நேரே மகளுக்கு. சாப்பாட்டு மேசையில் கணவன் சில்வினோ மெல்ல ஆரம்பித்தான்.

"உனக்கு நாப்பத்தாறு ஆச்சு, மிந்தா. அவ சின்னவ."

"அவளுக்கு அடுத்த வருஷமும் குலுக்கல் இருக்கு. இதுல சேர்றதுக்காக நான் பாஸ் பண்ணின பாடமெல்லாம் இந்த வருஷத்தோட காலாவதி. முதியோர் இல்லத்துல இத்தனை வருஷமா மலஜலம் எடுக்கற பெட்பேன்தானே தூக்கறேன்? ஊசி போடற ஆளாவும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன். கொடுக்க மாட்டேன்."

சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. நெல்யா சூப்பைக் குடித்து முடித்தாள். "நான் கேட்டேனா?" என்று எழுந்து போனாள். அதற்குப் பிறகு கார் சாவி எங்கே என்பதைத் தவிர அம்மாவிடம் அவள் எதுவும் பேசவில்லை.

அறிமுக நாளன்று எட்டு மணிக்குள் வராதவருடைய இடம் காத்திருப்போரில் முதல் ஆளுக்குப் போய்விடும். அதற்காகவே நெல்யா உட்படக் காத்திருப்போரைப் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். முன்வரிசைகளில் லாரி ஓட்டியவர், பேரன் பேத்தி எடுத்தவர்கள், பள்ளி முடித்த கையோடு வந்த பெண்கள் எனச் சகலரும் இருந்தார்கள். அர்மிந்தாவின் பக்கத்து நாற்காலி மட்டும் காலி.

எட்டாகப் போகிறது. யாரும் வந்துவிடக் கூடாதே என்று அர்மிந்தா வேண்டிக்கொண்டாள். இரண்டு பேரும் உள்ளே போய்விட்டால் வீட்டில் மனஸ்தாபமே இராது.

அப்போது பக்கவாட்டுக் கண்ணாடிக் கதவை ஒருத்தி தட்டினாள். தோளில் குழந்தை கக்கிய பால், மூச்சிரைப்பு. வெளியிலிருந்து திறக்க முடியாத கதவு அது; முன்வாசலுக்குச் சுற்றி வந்தால் நேரம் தாண்டிவிடும். ஆசிரியை மேடையில் புரொஜெக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கூடத்து இரைச்சலில் தட்டும் சத்தம் எடுபடவில்லை. தாழ்ப்பாள் அர்மிந்தாவுக்குக் கையெட்டும் தூரம். அவள் கைப்பையைத் திறந்து குனிந்துகொண்டாள்.

பின்னாலிருந்து யாரோ வேகமாக நடந்து வந்தார்கள். தாழ்ப்பாள் விலகியது.

"நீ நல்லா இருப்பே, கண்ணு," என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் காலி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

அர்மிந்தா நிமிர்ந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது நெல்யா.

"பையில என்னம்மா தேடறே?"

"பேனா."

பேனா அவள் விரல்களுக்கிடையில்தான் இருந்தது. நெல்யா அதைப் பார்த்தாள். பிறகு பின்வரிசைக்குத் திரும்பாமல் அந்தக் கதவு வழியாகவே வெளியே போனாள்.