இறங்காமல் குடித்த மோர்

ஆடி மாதத்தில் யாராவது சைக்கிள் பயணம் வைப்பார்களா என்று திண்டுக்கல்லில் கேட்காத ஆள் இல்லை. எங்கள் வாலிபர் சங்கத்துக்கு லாரி கிடைத்தது அந்த வாரம்தான், வைத்துவிட்டார்கள். மதுரை, உசிலம்பட்டி, வத்தலக்குண்டு, பழனி என்று சுற்றிக்கொண்டு ஊர் திரும்புவது. படுக்கை, குடிதண்ணீர், சமையல் சாமான், பஞ்சர் ஒட்டும் சூசைராஜ் எல்லாம் பின்னால் லாரியில் வரும். நாங்கள் மிதித்தால் மட்டும் போதும்.

நான் புகையிலைக் குடோனில் எடை எழுதுகிறவன். அதுவரை சைக்கிளில் சின்னாளபட்டியைத் தாண்டியதில்லை. ஆனாலும் பெயர் கொடுத்தேன். காரணம் மூன்றாம் நாள் பாதை. செம்பட்டி தாண்டி ஒட்டன்சத்திரம் போகிற வழியில் ராமுத்தாயின் ஊர் இருக்கிறது. அங்கே மோர் குடிக்க நிறுத்தம்.

ராமுத்தாய் என் மனைவி. தையில் கல்யாணம். ஆடி பிறக்கிறதென்று அவள் அப்பா நல்லுசாமி வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். மாதம் முடிகிறவரை புது மாப்பிள்ளை அந்த வாசலை மிதிக்கக் கூடாது. வழக்கம்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் புறப்படுவதற்கு முந்தின நாளே அவள் பெட்டியைக் கட்டி மூலையில் வைத்துவிட்டாள். பாட்டு வேறு முணுமுணுத்தாள். இவ்வளவு அவசரமா என்று எனக்குள் ஒரு முள். மறுநாள் காலையில் அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே குடோனுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சாவி பக்கத்து வீட்டில் இருந்தது.

அன்றைக்குப் பிடித்த பயம், ஆடி முடிந்தாலும் அவள் வராமல் இருந்துவிடுவாளோ என்று. ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இத்தனை பேரோடு ஒருவனாக நின்று மோர் குடிக்கிறவனை, நீ மாப்பிள்ளை, போ என்று யார் விரட்டப்போகிறார்கள்?

செம்பட்டியைத் தாண்டியதும் காற்று நேர் முகத்தில் அடித்தது. எழுந்து நின்று மிதித்தாலும் சக்கரம் ஊர்ந்தது. இடது தொடை காலையிலேயே இழுத்துப் பிடித்திருந்தது. முன்னால் போனவர்களின் சட்டைகள் சிறுத்துச் சிறுத்துப் புழுதிக்குள் மறைந்தன. என் பக்கத்தில் லாரி வந்து மெதுவாக நகர்ந்தது.

"ஏறுங்க தம்பி," என்றார் டிரைவர் சேக் பரீது. "சைக்கிளத் தூக்கி மேல போட்டா ஒட்டன்சத்திரத்துல போயி அக்கடான்னு உக்காரலாம்."

"மோர் குடிக்கிற ஊர்ல நிறுத்துவீங்களாண்ணே?"

"நான் எங்க நிறுத்துறது? நேராப் போயி உலை வைக்கணும். சோறு இல்லேன்னா இம்புட்டுப் பேரும் என்னையத் தின்னுருவாங்க."

"அப்ப நான் மிதிச்சே வாரேன்."

மேலேயிருந்து சூசைராஜ் எட்டிப் பார்த்தான். "அண்ணே, விட்டுட்டுப் போனா இவரு காத்துல பின்னாடியே போயி வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல நிப்பாரு!"

சிரித்துக்கொண்டே ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டினார்கள். லாரி போய்விட்டது.

போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் போய்ச் சேரும்போது நிறுத்தம் முடிந்து எல்லோரும் கிளம்பியிருப்பார்கள். கூட்டத்தில் ஒருவன் என்ற மறைப்பு இல்லை. தனியாகப் போய் நின்றால், ஆடியில் பெண்டாட்டியைத் தேடி வந்த மாப்பிள்ளை. மாமனார் நாலு பேர் முன்னால் என்ன சொல்லுவார்? அவள் உள்ளேயே இருந்துகொண்டால்? திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது.

ஊர் எல்லையில் மோர்ப் பானைகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் மாமனார் எழுந்து நின்றார். நான் பிரேக்கைப் பிடித்தேன்.

"மாப்ள, இறங்காதீங்க!"

இறக்கப்போன காலைப் பெடலுக்கே இழுத்துக்கொண்டேன்.

"ஊரே பாக்குதுங்க. காலை ஊனுனா ஆடியில வந்ததாப் போயிரும். வண்டி மேல இருக்கிற வரைக்கும் நீங்க வழியில போறவரு. அந்தக் கெளையப் புடிச்சுக்கங்க." பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ ராமு! வழியில போறவருக்கு மோரு கொண்டா!"

தாழ்ந்த கிளையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் பெடலில் வைத்து உட்கார்ந்திருந்தேன். தொடை நடுங்கியது. அவள் வந்தாள். முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சொம்பையே பார்த்துக்கொண்டு நீட்டினாள்.

"எல்லாரும் வந்தாங்க. நீங்களும் பின்னாடி வாறீகன்னாங்க, வரல. லாரி போகையில ஓடிப்போயிப் பாத்தேன். அதுலயும் இல்ல. எங்கயோ விழுந்து கெடக்கீகன்னு..."

ஒரே மூச்சில் குடித்துச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். எதையோ கேட்க நினைத்து, "பெட்டிய எதுக்கு முந்தின நாளே கட்டுனே?" என்று கேட்டேன்.

அவள் இப்போதுதான் நிமிர்ந்தாள். "மறுநா பொழுதுக்கும் வேலையில்லாம உங்ககூட இருக்கலாமேன்னுதான். அப்பா சாயங்காலம்தான் வாறதா இருந்துச்சு. நீங்க குடோனுக்குப் போயிட்டீக."

மாமனார் வயலைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "காத்து ஏறுதுங்க மாப்ள."

கிளையை விட்டு மிதித்தேன். தொடை பிடித்துக்கொண்டது. வண்டி சாய்ந்தது. கால் தரையைத் தொடப்போன நேரம், அவள் சொம்பைப் போட்டுவிட்டுக் கேரியரைப் பிடித்துத் தள்ளினாள்.

"விடு புள்ள, விழுந்துருவாரு!"

"விட்டாத்தாம்ப்பா விழுவாரு!"

மேடு ஏறுகிறவரை பின்னால் அவள் மூச்சு கேட்டது. எப்போது கையை எடுத்தாள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கிருந்துதான் காற்று மறுபடியும் கனத்தது.