பேய்ச்சுறாவின் உடம்பில் ஒரு கோடு

கம்பம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வீரபாண்டி விலங்கியல் ஆய்வக உதவியாளர். அந்த ஆய்வகத்துக்கே பெருமை ஒரு கண்ணாடி ஜாடிதான். உள்ளே, ஆழ்கடலில் வாழும் கைமீரா மீன். சுறாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்; உடம்பில் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. சாட்டை போன்ற வால், பச்சைக்கல் கண், முயலுக்கு இருப்பதுபோல் பல். பிள்ளைகள் அதைப் பேய்ச்சுறா என்பார்கள். கொச்சியில் வலையில் சிக்கியதை முன்பிருந்த பேராசிரியர் ஒருவர் பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தாராம்.

எட்டு வருஷத்துக்கு முன் கோடை விடுமுறையில், மீன் கெடாமலிருக்க ஜாடியில் பார்மலின் ஊற்றச் சொல்லியிருந்தார் துறைத்தலைவர் ஜான் பீட்டர். வீரபாண்டி ஊற்றவில்லை. ஊற்றியதாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார். மூடியில் விரிசல் இருந்தது. ஜூனில் வந்து பார்த்தால் பார்மலின் பாதிக்கு இறங்கி, மீனின் மேல்பாதி கருவாடாகச் சுருண்டிருந்தது. பயத்தில் ஜாடியை அவரே தரையில் போட்டு உடைத்தார். மீனைத் தகர டப்பாவில் போட்டு அலமாரிக்கு அடியில் தள்ளினார்.

ஜான் பீட்டர் வந்து கேட்டபோது வாயில் வந்தது தினக்கூலிக்குக் கூட்டிப் பெருக்கும் முத்துலட்சுமியின் பெயர்.

"கூட்டும்போது தட்டி விட்டுருச்சு போல சார்."

மறுநாளிலிருந்து அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த வருஷம் ஆடி மாதம், ஆழ்கடல் மீன்களை ஆராயும் சாராள் என்ற பெண் கொச்சியிலிருந்து அந்த மீனைத் தேடி வந்தாள்.

"அது எப்பவோ உடைஞ்சுபோச்சேம்மா" என்றார் ஜான் பீட்டர்.

அவள் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்காமல் வீரபாண்டி டப்பாவை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். சாராளுக்கு ஒரே சந்தோஷம்.

"இது போதும்ணே! முதுகுத் துடுப்புக்கு முன்னால இருக்கிற முள்ளு முழுசா இருக்கு. குறுக்க சீவிப் பார்த்தா அடுக்கடுக்கா வளர்ந்தது தெரியும். இதோட வயசக்கூடக் கணிச்சிரலாம்."

பிறகு விரலால் மீனின் நடுவயிற்றைத் தொட்டாள். அங்கே குறுக்காக ஒரு கோடு. மேலே கருத்தும் கீழே வெளிறியும் இருந்தது.

"ஆனா இது ஜாடி உடைஞ்சு கெட்டுப்போகல சார். இந்தக் கோடு வரைக்கும் பார்மலின் நின்னிருக்கு. மேல்பாதி ஜாடிக்குள்ளயே நாள்கணக்கா காஞ்சிருக்கு."

"ஓஹோ" என்ற ஜான் பீட்டர், அடித்த போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யார்மேல் பழி விழுந்தது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட வீரபாண்டி ஏதாவது பொய் சொல்லித் தப்பியிருப்பார். கேட்காததுதான் அவரைப் போட்டு அறுத்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காமயகவுண்டன்பட்டிக்குப் போனார். திராட்சைப் பந்தலுக்குள் முத்துலட்சுமி கத்தரியால் குலை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஜாடிய ஒடச்சது நாந்தான் ஆத்தா."

"தெரியும்ண்ணே." கத்தரி நிற்கவில்லை. "அன்னைக்கு நான் லேப்புக்குள்ளயே வரல. சாவி ஒங்ககிட்டத்தான இருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. நீங்களும் அங்கனதான் நின்னீக. யாரு காதுல வாங்குனாக?"

"மன்னிச்சிரு" என்றார்.

"மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய? காலேசுல சாமான ஒடச்சவன்னு எங்க மாமியா சாகுற வரைக்கும் சொன்னாக. எங்கிட்ட சொன்னத காலேசுல எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். படித்த ஜான் பீட்டர் பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். விசாரணை நடந்தது. வீரபாண்டியை ஆய்வகத்திலிருந்து அலுவலகத்துக்கு மாற்றினார்கள். முத்துலட்சுமியைக் கூப்பிட்டு, ஜான் பீட்டரே எழுந்து நின்று கடிதம் ஒன்றைக் கொடுத்தார். அவள் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள். 'எந்தத் தவறும் செய்யவில்லை' என்ற வரியில் நிறுத்தி, மறுபடியும் அதையே படித்தாள்.

"நாளையிலிருந்து வேலைக்கு வாம்மா."

"வேணாம் சார். இதுல இன்னொரு நகல் மட்டும் குடுங்க. எங்க வீட்டுக்காரரும் நம்பாமத்தான் இருந்தாக; அவுக கையிலயும் ஒண்ணு இருக்கட்டும்."

நகல் எடுக்க வேண்டியவர் வீரபாண்டிதான். எடுத்து நீட்டினார். மெஷின் சூடு ஆறாத தாளை வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே அவள் படியிறங்கிப் போனாள்.