பாக்கி இல்லாதவள்

பதினோரு வருடத்தில் ஒரு மாதம்கூட மார்லிஸ் வாடகையைத் தாமதப்படுத்தியதில்லை. ஒன்றாம் தேதி காலையில், காபி குடிக்கும் முன்பே, வெளிப்படிக்கட்டில் ஏறி மாடியிலிருக்கும் வீட்டுக்காரர் ஆர்விட்டின் கதவுத் துவாரத்தில் காசோலையைப் போட்டுவிட்டு வருவாள். அமெரிக்காவின் துலூத் நகரத்து ஜனவரியில் பனி உறைந்த அந்தப் படிகளில் ஏறுவது லேசான காரியமில்லை. காய்ச்சலோடும் ஏறியிருக்கிறாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம். கையில் காசில்லாதவள் வேறு எதைச் சொல்லித்தான் கர்வப்படுவாள்?

ஏரிக்கரை ஹோட்டலில் காலைச் சாப்பாடு பரிமாறுவது அவள் வேலை. கொரோனா வந்ததும் ஹோட்டலைப் பூட்டினார்கள். அரசாங்கம் ஹோட்டலுக்கு உதவிப் பணம் கொடுத்தது. அந்தப் புண்ணியத்தில் எட்டு வாரம் சம்பளம் வந்தது. ஒன்பதாவது வாரம், இனி வர வேண்டாம் என்று தகவல் வந்தது. மார்லிஸ் முதலில் சேமிப்பைக் கரைத்தாள், அப்புறம் காரை விற்றாள். டிசம்பர் கடைசியில் அவள் கையில் மிஞ்சியது ஜனவரி வாடகை மட்டும்தான். அதையும் கொடுத்துவிட்டால் பிப்ரவரியில் சாப்பாட்டுக்கே வழியில்லை. அதற்குமேல் இந்த வீடும் நிலைக்காது.

அப்போதுதான் ஹோட்டலில் கூட வேலை பார்த்த டெஸ் போன் செய்தாள்.

"ஏண்டி, கவர்மெண்ட் குடுக்கற வாடகை உதவிக்கு நீ இன்னும் எழுதிப் போடலையா? என்னோட அஞ்சு மாச பாக்கியையும் கட்டிட்டாங்க. அடுத்த மூணு மாசத்துக்கும் சேத்து!"

"அஞ்சு மாசமா நீ கட்டவே இல்லையா?"

"எங்கேருந்து கட்ட? புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல ஓசில லேப்டாப் குடுத்தாங்க, மத்தியானம் பஸ்ஸுல சாப்பாட்டுப் பொட்டலம் வந்துடுது. வாடகைக்கு எவன் குடுப்பான்? வாய மூடிட்டு இருந்தேன். நீ என்ன பண்ணின?"

"கார வித்துக் கட்டினேன்."

டெஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "உனக்குச் செலதான் வைக்கணும், போ!"

சிரித்தாலும் உதவி அலுவலகத்தின் நம்பரைக் கொடுத்துவிட்டுத்தான் வைத்தாள். அந்த நம்பருக்குப் போன் செய்து, காத்திருந்த ஐம்பது நிமிஷமும் ஒரே பாட்டைக் கேட்டு மார்லிஸின் காது புளித்துப்போன பிறகு, ஒரு பெண்ணின் குரல் வந்தது. அந்தக் குரலிலும் களைப்பு.

"மேடம், உங்களுக்குப் பாக்கியே இல்லையே."

"இல்லம்மா. எல்லாம் கட்டிட்டேன்."

"பாக்கி இருக்கறவங்களுக்குத்தான் மேடம் இது. ஒரு மாசம் பாக்கி இருந்தாக்கூட அதக் கட்டி, மேல மூணு மாசமும் கட்டுவோம். கட்டி முடிச்சவங்களுக்கு வழியில்ல."

"அப்ப நான் ஒழுங்கா கட்டினதுதான் தப்பா?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "ஜனவரிக்குக் கட்டிட்டீங்களா?"

"ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே."

"நான் எதுவும் சொல்லல மேடம். பத்தாந்தேதியோட மனு வாங்கறது முடியுது. அவ்வளவுதான் சொல்றேன்."

ஒன்றாம் தேதி மார்லிஸ் மாடிக்குப் போகவில்லை. விஷயத்தை ஆர்விட்டிடம் சொல்லியிருக்கலாம். நல்ல மனுஷர், புரிந்துகொள்வார். ஆனால் 'இந்த மாதம் தரப்போவதில்லை' என்று சொல்ல வாய் வர வேண்டுமே. பாழாய்ப்போன கர்வம்! எழுதிவைத்த காசோலையை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, திருடி மாதிரி திரைச்சீலையை இழுத்து மூடி, விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் தேதி காலையில் கதவு இடிபட்டது. "மார்லிஸ்! ஏய், மார்லிஸ்!" பதில் சொல்வதா வேண்டாமா என்று அவள் தயங்கும்போதே பூட்டில் சாவி திரும்பியது.

வாசலில் ஆர்விட் நின்றார். எழுபத்தாறு வயது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம். கையில் சாவிக்கொத்து.

"உசுரோட இருக்கியா!" என்றவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "காசோலைய காணோம். வெளிச்சத்தையும் காணோம். முடிஞ்சுபோச்சுன்னே நெனச்சேன். உள்ள வந்து உன் பொணத்தப் பாக்கணுமேன்னு ரெண்டு தடவ படியெறங்கி ரெண்டு தடவயும் திரும்பிட்டேன்."

அவள் வாடகையை நிறுத்துவாள் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. செத்துப்போயிருப்பாள் என்பது எட்டியது. மார்லிஸ் ஆறடி தள்ளி நின்றபடி, மேஜைமேல் கிடந்த வாடகை உதவிப் படிவத்தைக் காட்டி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

ஆர்விட் முழுவதையும் கேட்டார். "இதுக்கா இருட்டுல கெடந்த? பைத்தியக்காரி. குடு அந்தப் படிவத்த."

வீட்டுக்காரர் பகுதியில் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் மளமளவென்று போட்டார். கடைசிக் கேள்வியில் பேனா நின்றுவிட்டது. 'இந்த வாடகைதாரர் வாடகை செலுத்தத் தவறியுள்ளாரா?'

"பதினோரு வருஷம்," என்றார். "உன்னப் பத்தி இத நான் எப்படி எழுதுவேன்?"

"எழுதுங்க ஆர்விட். நெசந்தானே."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டார். "மன்னிச்சுக்கம்மா," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

வீடு நிலைத்துவிடும். நிம்மதியாக ஒரு காபி போட்டுக் குடித்திருக்கலாம். ஆனால் ஹோட்டலைப் பூட்டிய அன்று அழாதவள், காரை இன்னொருத்தர் ஓட்டிக்கொண்டு போனபோது அழாதவள், அந்த ஒரு டிக்கைப் பார்த்து மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.